ரைஃபிள் ஸ்கோப் வாங்கும் முன்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஸ்கோப் வாங்க நினைப்பவர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும்?" நானும் அதைத்தான் கேட்டேன். என் முதல் ஸ்கோப் 6-24×50, அதாவது 6 முதல் 24 மடங்கு வரை பெரிதாகக் காட்டுவது. ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் ஒன்றில் மாட்டினேன். சில நூறு பெல்லட் (ஏர் ரைஃபிளின் சிறு குண்டு) சுட்டதும் குறி நாளுக்கொரு பக்கம் போக ஆரம்பித்தது. துப்பாக்கியைச் சந்தேகப்பட்டேன், பெல்லட்டை மாற்றினேன், மூச்சுவிடும் முறையைக்கூட மாற்றிப் பார்த்தேன். வாரக்கணக்கில் அலைந்துவிட்டு, கடைசியில் ஸ்கோப்பைக் கழற்றிக் காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே ஏதோ கலகலவென்று ஓடியது. லென்ஸ் தொகுதி ஒன்று இடம் பெயர்ந்திருந்தது. அதை விற்றவர் எந்த வகைத் துப்பாக்கியில் மாட்டப் போகிறேன் என்று கேட்கவே இல்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை.

அதனால் இந்தக் கட்டுரையில் வரிசையைத் திருப்பிப் போடுகிறேன். முதலில் துப்பாக்கி, அடுத்து தூரம், அடுத்து வெளிச்சம். மடங்கு எவ்வளவு என்பது இந்த மூன்றும் தெரிந்த பிறகு தானாகவே வந்துவிடும்.

ஸ்கோப் தேவைதானா?

போட்டிக்காகப் பழகுகிறீர்கள் என்றால் அந்தப் போட்டியின் விதியை முதலில் படியுங்கள். ஒலிம்பிக்கில் நடக்கும் 10 மீட்டர் ஏர் ரைஃபிள், 50 மீட்டர் ரைஃபிள் இரண்டிலும் ஸ்கோப்புக்கு இடமில்லை. பின்னால் சிறு துளையும் முன்னால் வளையமும் கொண்ட டயாப்டர் சைட்தான் அங்கே. அந்தப் பக்கம் போகிறவர் ஸ்கோப்புக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். ஃபீல்டு டார்கெட், பெஞ்ச்ரெஸ்ட், எஃப்-கிளாஸ் போன்ற போட்டிகளில் ஸ்கோப்தான் வழக்கம்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். துப்பாக்கி உரிமம் நாட்டுக்கு நாடு மாறும். ஸ்கோப்புக்கும், முக்கியமாக இரவில் பார்க்க உதவும் வகைகளுக்கு, சில நாடுகளில் தனி விதிகள் இருக்கின்றன.

துப்பாக்கி எது, தூரம் எவ்வளவு?

ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் பார்க்கச் சாதுவாக இருக்கும். ஸ்கோப்புக்கு அதைவிடக் கொடுமையான துப்பாக்கி குறைவு. விசையை இழுத்ததும் உள்ளே பிஸ்டன் முன்னால் பாய்கிறது, துப்பாக்கி பின்னால் உதைக்கிறது. அடுத்த கணமே பிஸ்டன் சிலிண்டரின் முனையில் காற்றை அமுக்கி நிற்கிறது, துப்பாக்கி முன்னால் வெட்டி இழுக்கிறது. வெடிமருந்துத் துப்பாக்கியில் உதை ஒரு பக்கம் மட்டும்தான். பெரும்பாலான ஸ்கோப்களின் உள்பாகங்கள் அந்த ஒரு பக்கத்துக்காகவே முட்டுக்கொடுத்துக் கட்டப்பட்டிருக்கும். பெரிய வேட்டைத் துப்பாக்கியில் வருடக்கணக்கில் தாங்கிய ஸ்கோப்கூட ஸ்பிரிங் ரைஃபிளில் கழன்றுபோவது இதனால்தான். ஸ்பிரிங் வகை வைத்திருப்பவர் "ஏர் கன்னுக்கு ஏற்றது" என்று தயாரிப்பாளரே எழுதியிருக்கும் ஸ்கோப்பை மட்டும் எடுங்கள். காற்றை முன்கூட்டியே அடைத்துச் சுடும் பி.சி.பி. வகையிலும் சிறு தோட்டா போட்டுச் சுடும் .22 ரிம்ஃபயரிலும் உதை மிகக் குறைவு, அங்கே இந்தத் தொல்லை இல்லை.

அப்புறம் தூரம். நீங்கள் உண்மையில் சுடும் தூரம் எவ்வளவோ அதைச் சொல்லுங்கள், என்றைக்காவது சுட ஆசைப்படும் தூரத்தை அல்ல. 10 முதல் 50 மீட்டர் வரை ஏர் ரைஃபிள் என்றால் 3-9 அல்லது 4-12 மடங்கு தாராளம். .22 ரிம்ஃபயரில் 50 முதல் 100 மீட்டர் வரைக்கும் அதேதான். பெரிய ரைஃபிளில் 100 முதல் 300 மீட்டர் வரை 3-9×40 என்ற பழைய அளவு இன்றைக்கும் ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்கிறது. 300-ஐத் தாண்டி, காகித இலக்கில் சிறு வட்டங்களைத் தேடுகிறீர்கள் என்றால்தான் 15, 20 மடங்கு என்று யோசிக்க வேண்டும்.

மடங்கு கூடினால் நல்லதுதானே என்று தோன்றும். கூடக் கூட நான்கு விஷயங்களை இழக்கிறீர்கள். கண்ணுக்குத் தெரியும் பரப்பு சுருங்கும்: 100 மீட்டரில் 3 மடங்கில் ஏறக்குறைய 11 மீட்டர் அகலம் தெரிந்தால், 9 மடங்கில் 4 மீட்டர் அளவுக்குத்தான் தெரியும். படம் மங்கும். கை நடுக்கமும் அதே மடங்கில் பெரிதாகும். 20 மடங்கில் உங்கள் நாடித்துடிப்பே குறுக்குக்கோட்டில் தெரியும். வெயில் நேரத்தில் தரையிலிருந்து எழும் கானல் அலைகளும் பெரிதாகி இலக்கு தண்ணீருக்குள் கிடப்பதுபோல் நெளியும்.

3-9×40 என்ற எண்ணைப் படிப்பது

முதல் இரண்டு எண்கள் மடங்கின் எல்லைகள். ×-க்குப் பின்னால் இருப்பது முன் லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். 4×32 என்று ஒரே எண்ணோடு வந்தால் மடங்கு மாறாத ஸ்கோப் என்று பொருள்.

முன் லென்ஸ் பெரிதானால் வெளிச்சம் கூடும் என்பது பாதி உண்மை. மீதியைத் தெரிந்துகொள்ள ஒரு சின்ன வகுத்தல் போதும்: லென்ஸ் விட்டத்தை மடங்கால் வகுங்கள். கண்பக்கம் வெளிவரும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். 40 மி.மீ. லென்ஸ், 4 மடங்கு என்றால் 10 மி.மீ.; அதே லென்ஸ் 9 மடங்கில் 4.4 மி.மீ. இப்போது உங்கள் கண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பகல் வெளிச்சத்தில் கண்மணி 2 அல்லது 3 மி.மீ.தான் திறந்திருக்கும். இருட்டில் இளவயதினருக்கு 7 மி.மீ. வரை விரியும், வயது ஏற ஏற 5-க்குப் பக்கத்தில் நின்றுவிடும். கண்மணியைவிட அகலமான கற்றை வந்தால் மிச்ச வெளிச்சம் வீண். பகலில் மட்டும் சுடுகிறவருக்கு 56 மி.மீ. லென்ஸ் தரும் கூடுதல் வெளிச்சம் கண்ணுக்குள் போகவே போகாது, எடை மட்டும் கூடும். அந்தி வெளிச்சத்தில் சுடுகிறவருக்கு அதே லென்ஸ் தங்கம். 8×56 என்ற அளவு வந்தது அதற்காகத்தான்: 56-ஐ 8-ஆல் வகுத்தால் சரியாக 7.

ஸ்கோப் குழாயின் விட்டம் 25.4 மி.மீ. (ஓர் அங்குலம்), 30, 34 என்று வரும். தடித்த குழாய் அதிக வெளிச்சம் தரும் என்று கடைகளில் சொல்வதுண்டு, நம்ப வேண்டாம். அதனால் கிடைப்பது குறுக்குக்கோட்டை மேலும் கீழும் நகர்த்தக் கூடுதல் இடம். தொலைதூரம் சுடுகிறவருக்கு அது தேவை, மற்றவர்களுக்கு ஓர் அங்குலமே போதும்.

கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் நடுவே

முழு வட்டமும் கறுப்பு விளிம்பு இல்லாமல் தெரிய, கண் எவ்வளவு பின்னால் இருக்க வேண்டும் என்பதை ஐ ரிலீஃப் என்பார்கள். வழக்கமாக 75 முதல் 100 மி.மீ. உதை பலமான துப்பாக்கியில் இது 90-க்குக் குறையாமல் இருந்தால் நல்லது. குறைந்தால் ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தில் வந்து மோதும். பிறை வடிவத்தில் வெட்டு விழுந்தவர்களை எந்தச் சுடுதளத்திலும் பார்க்கலாம். மடங்கை மாற்றும்போது இந்தத் தூரமும் மாறும், ஆகவே உச்ச மடங்கில் வைத்துத்தான் சோதிக்க வேண்டும்.

குறுக்குக்கோடு: எளிமையாக எடுங்கள்

ஸ்கோப்புக்குள் தெரியும் கோடுகளுக்கு ரெட்டிக்கிள் என்று பெயர். வெளியே தடித்து நடுவில் மெலிந்த கோடுகள் கொண்ட டூப்ளெக்ஸ் வகையை லியூபோல்ட் நிறுவனம் 1962-இல் கொண்டுவந்தது. தடித்த பகுதி கண்ணை நடுவுக்கு இழுக்கும், மெல்லிய பகுதி இலக்கை மறைக்காது. ஒரே தூரத்தில் சுடுகிறவருக்கு இதைவிட நல்லது எதுவும் இல்லை என்பது என் எண்ணம். வெவ்வேறு தூரங்களில் சுடுகிறவர் அளவுக்கோடுகள் போட்ட மில் வகையை எடுக்கலாம் (மில் என்பது ஓர் அளவு, கிளிக் கணக்கில் விளக்குகிறேன்). 200, 300, 400 மீட்டர் என்று முன்கூட்டியே குறி போட்டு வரும் பி.டி.சி. ரெட்டிக்கிள்களில் மட்டும் கவனம்: அந்தக் குறிகள் ஏதோ ஒரு குண்டுக்கும் ஏதோ ஒரு வேகத்துக்கும் கணக்கிட்டவை. உங்கள் குண்டுக்கு எங்கே விழுகிறது என்று நீங்களே சுட்டுப் பார்க்காமல் நம்பாதீர்கள்.

இங்கேதான் ஃபர்ஸ்ட் ஃபோகல் பிளேன், செகண்ட் ஃபோகல் பிளேன் என்ற சொற்கள் வரும். முதல் வகையில் மடங்கைக் கூட்டினால் இலக்கோடு சேர்ந்து கோடுகளும் பெரிதாகும். அளவுக்கோடுகள் எந்த மடங்கிலும் சரியாக இருக்கும். ஆனால் குறைந்த மடங்கில் நூல்போல் மெலிந்து, நிழலில் காணாமலே போகும். இரண்டாம் வகையில் கோடுகள் எப்போதும் ஒரே அளவு. அளவுக்கோடுகள் ஒரே ஒரு மடங்கில்தான் சரி, பெரும்பாலும் உச்ச மடங்கில். 9 மடங்கில் 1 மில் காட்டும் இடைவெளி 4.5 மடங்கில் 2 மில் ஆகிவிடும். அளவுக்கோடுகளைப் பயன்படுத்தப் போவதில்லை என்றால் இரண்டாம் வகையே போதும், விலையும் குறைவு.

கிளிக் கணக்கு

ஸ்கோப்பின் மேலும் பக்கத்திலும் உள்ள திருகுகளுக்கு டரட் என்று பெயர். மேலே இருப்பது உயரத்துக்கு, பக்கத்தில் இருப்பது இட வலத்துக்கு. ஒவ்வொரு "டிக்" ஒலியும் ஒரு கிளிக். அது எவ்வளவு நகர்த்தும் என்பதை இரண்டு அலகுகளில் எழுதியிருப்பார்கள்.

எம்.ஓ.ஏ. என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. 100 மீட்டரில் 29 மி.மீ. கால் எம்.ஓ.ஏ. கிளிக் என்றால் 100 மீட்டரில் 7.3 மி.மீ. மில் என்பது தூரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு; 100 மீட்டரில் 10 செ.மீ. 0.1 மில் கிளிக் என்றால் சரியாக 1 செ.மீ. மீட்டரில் யோசிப்பவருக்கு மில் எளிது.

உதாரணமாக, 100 மீட்டரில் குண்டுகள் 6 செ.மீ. கீழேயும் 3 செ.மீ. வலது பக்கமும் விழுகின்றன. 0.1 மில் ஸ்கோப்பில் மேலே 6 கிளிக், இடதுக்கு 3 கிளிக். கால் எம்.ஓ.ஏ. ஸ்கோப்பில் மேலே 8, இடதுக்கு 4. இதே தவறு 50 மீட்டரில் நடந்தால் கிளிக் எண்ணிக்கை இரட்டிப்பாகும், ஏனென்றால் பாதித் தூரத்தில் ஒரு கிளிக் பாதிதான் நகர்த்தும். டரட்டில் போட்டிருக்கும் அம்பு குண்டு விழும் இடம் எந்தப் பக்கம் நகரும் என்பதைக் காட்டுகிறது. புதியவர்கள் பெரும்பாலும் குழம்புவது இங்கேதான்.

வாங்கும்போது ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள்: ரெட்டிக்கிள் மில்லில் இருந்தால் டரட்டும் மில்லில் இருக்க வேண்டும். ஒன்று மில், இன்னொன்று எம்.ஓ.ஏ. என்று கலந்து வந்தால் ஒவ்வொரு முறையும் 3.44-ஆல் பெருக்கிக்கொண்டிருக்க வேண்டும்.

பேரலாக்ஸ்

துப்பாக்கியைத் தாங்கியில் அசையாமல் வைத்துவிட்டு, ஸ்கோப் வழியே பார்த்தபடி தலையை மட்டும் மெல்ல மேலும் கீழும் நகர்த்துங்கள். குறுக்குக்கோடு இலக்கின்மேல் நகர்வதுபோல் தெரிந்தால் அதுதான் பேரலாக்ஸ். இலக்கின் பிம்பமும் ரெட்டிக்கிளும் ஒரே தளத்தில் இல்லை என்று அர்த்தம்.

மாற்ற முடியாத வகை ஸ்கோப்களில் இதை ஆலையிலேயே ஒரு தூரத்துக்கு அமைத்துவிடுவார்கள். பெரிய ரைஃபிள் ஸ்கோப் என்றால் வழக்கமாக 100 கெஜம், ரிம்ஃபயர் ஸ்கோப் என்றால் 50 கெஜத்தைச் சுற்றி. 100 மீட்டருக்கு அமைத்த 40 மி.மீ. ஸ்கோப்பை 10 மீட்டரில் பயன்படுத்தினால், கண் நடுவில் இல்லாதபோது குறி 18 மி.மீ. வரை தவறலாம். காகிதத்தில் அது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். தவிர, அவ்வளவு பக்கத்தில் இலக்கே மங்கலாகத்தான் தெரியும். அதனால் ஏர் ரைஃபிளுக்கு 10 மீட்டர் வரை இறக்கக்கூடிய பேரலாக்ஸ் வளையம் கட்டாயம். அது முன் லென்ஸைச் சுற்றியோ, இடது பக்கத்தில் மூன்றாவது திருகாகவோ இருக்கும். பக்கத்தில் இருந்தால் தலையைத் தூக்காமலே திருப்பலாம். வளையத்தில் போட்டிருக்கும் எண்கள் தோராயமானவை, தலையசைத்துப் பார்ப்பதுதான் சரியான சோதனை.

கண்ணாடியும் பூச்சும்

பூச்சு இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் ஏறக்குறைய 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். பத்துப் பரப்புகளைத் தாண்டினால் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. 1935-இல் ட்ஸைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மாகுலா எதிரொளிப்பைத் தடுக்கும் பூச்சைக் கண்டுபிடித்த பிறகுதான் பல லென்ஸ் கொண்ட ஸ்கோப்கள் பளிச்சென்று தெரிய ஆரம்பித்தன. "ஃபுல்லி மல்ட்டி கோட்டட்" என்றால் எல்லாப் பரப்புகளிலும் பல அடுக்குப் பூச்சு. அதைத்தான் தேட வேண்டும். வெறும் "கோட்டட்" என்றால் ஏதோ ஒரு பரப்பில் ஓர் அடுக்கு இருந்தாலும் போதும். உள்ளே நைட்ரஜன் நிரப்பியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெப்பத்திலிருந்து குளிருக்குப் போகும்போது உள்பக்கம் பனிபோல் மூடிக்கொள்ளும், துடைக்கவும் முடியாது.

கையில் எடுத்துப் பார்க்கும்போது

கடை விளக்கு வெளிச்சத்தில் எல்லா ஸ்கோப்பும் நன்றாகத்தான் தெரியும். வாசலுக்குக் கொண்டுவந்து, நிழலில் இருக்கும் ஏதாவது ஒன்றைப் பாருங்கள்: மர அடி, எதிர்ச் சுவரின் மூலை. விளிம்பு வரை கூர்மையாக இருக்கிறதா? வெளிச்சமான வானத்துக்கு எதிரே ஒரு கம்பியைப் பாருங்கள். ஓரத்தில் ஊதா அல்லது பச்சை நிறம் கசிந்தால் கண்ணாடி சுமார். சூரியனை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் பார்க்காதீர்கள், கண் போய்விடும். டரட்டைத் திருப்பும்போது ஒவ்வொரு கிளிக்கும் விரலுக்குத் தனித்தனியாகத் தெரிய வேண்டும். மாவைப் பிசைவதுபோல் வழுக்கினால் எண்ணிக்கை தவறும்.

கையில் இருக்கும் பணம் குறைவா? 6-24 என்று போட்ட மலிவு ஸ்கோப்பைவிட அதே விலைக்கு வரும் 4×32 நல்லது. நகரும் பாகங்கள் குறைவு, கெடுவதற்கும் குறைவு. தயாரித்தவர் கண்ணாடிக்குச் செலவழிக்க மிச்சம் இருந்திருக்கும். ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு சேர்த்துப் பிடிக்கும் மவுண்ட் வாங்கவும் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வையுங்கள். நல்ல ஸ்கோப்பை மோசமான மவுண்டில் மாட்டினால் இரண்டுமே மோசம்.

மாட்டுவது

துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். இதை முடித்துவிட்டுத்தான் ஸ்குரூ டிரைவரைத் தொட வேண்டும்.

துப்பாக்கியின் மேல் பள்ளம் எந்த வகை என்று பாருங்கள். ஏர் ரைஃபிளிலும் ரிம்ஃபயரிலும் 11 மி.மீ. டவ்டெயில் சகஜம். பெரிய ரைஃபிள்களில் குறுக்கே வெட்டுகள் போட்ட பிகாட்டினி ரயில் இருக்கும். மவுண்டில் ஸ்கோப்பைச் சுற்றிப் பிடிக்கும் ரிங்குகளின் உட்புற விட்டம் ஸ்கோப் குழாய்க்குப் பொருந்த வேண்டும். உயரம், முன் லென்ஸ் துப்பாக்கிக் குழலைத் தொடாத அளவுக்கு இருந்தால் போதும். தேவைக்கு மேல் உயர்ந்தால் கன்னம் கட்டையில் பதியாது.

கீழ் ரிங்குகளைப் பொருத்தி, ஸ்கோப்பை வைத்து, மேல் மூடிகளை ஸ்கோப் நகரும் அளவுக்குத் தளர்வாகவே விடுங்கள். இப்போது கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியை வழக்கம்போல் தோளில் ஏற்றி, கன்னத்தைப் பதித்து, பிறகு கண்ணைத் திறங்கள். முழு வட்டம் தெரியும் வரை ஸ்கோப்பை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். கழுத்தை நீட்டி ஸ்கோப்புக்கு ஏற்ப நீங்கள் வளையக் கூடாது.

அடுத்து குறுக்குக்கோடு நேராக நிற்க வேண்டும். கொஞ்ச தூரத்தில் ஒரு நூலில் கனமான எதையாவது கட்டித் தொங்கவிடுங்கள். துப்பாக்கியை மட்டக்கருவியால் சமமாக நிறுத்தி, செங்குத்துக் கோடு அந்த நூலோடு ஒட்டும்படி ஸ்கோப்பைச் சுழற்றுங்கள். பிறகு ரிங் திருகுகளை ஒரு பக்கம் முழுதாக முடுக்காமல், மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். தயாரிப்பாளர் சொன்ன அளவே சரி. ரிங் மூடிகளுக்குப் பொதுவாக 15 முதல் 18 அங்குல-பவுண்டு, அதாவது சுமார் 2 நியூட்டன் மீட்டர். வலது கையின் முழு பலத்தையும் போட்டால் குழாய் நசுங்கும். ஸ்பிரிங் ரைஃபிளில் மவுண்டே கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகரும், அதைத் தடுக்கும் ஸ்டாப் பின் உள்ள மவுண்டை வாங்குங்கள்.

கடைசியாகக் கண்பக்க வளையம். வெற்று வானத்தையோ வெள்ளைச் சுவரையோ நோக்கி, இரண்டு விநாடி மட்டும் பாருங்கள். கோடு மங்கலா? வளையத்தைக் கொஞ்சம் திருப்பி, கண்ணுக்கு ஓய்வு கொடுத்து, மறுபடி இரண்டு விநாடி. நீண்ட நேரம் உற்றுப் பார்த்தால் கண் தானே சரிசெய்துகொண்டு உங்களை ஏமாற்றும். இது இலக்கைத் தெளிவாக்கும் வளையம் அல்ல, கோட்டைத் தெளிவாக்கும் வளையம்.

ஜீரோ செய்வது

குறிபார்க்கும் இடத்திலேயே குண்டு விழும்படி ஸ்கோப்பைச் சரிசெய்வதுதான் ஜீரோ. அனுமதியுள்ள சுடுதளத்தில், பின்னால் குண்டைத் தாங்கும் மேடு இருக்கும் இடத்தில்தான். முதலில் 25 மீட்டரில் பெரிய காகிதம் ஒன்றை வைத்து, தாங்கியின்மேல் துப்பாக்கியை வைத்து மூன்று முறை சுடுங்கள். ஒவ்வொரு குண்டுக்கும் டரட்டைத் திருப்பாதீர்கள். மூன்று துளைகளின் நடுப்புள்ளியைப் பென்சிலால் குறித்து, அதிலிருந்து அளந்து கிளிக் போடுங்கள். பக்கத் தூரத்தில் சரியானதும் உங்கள் வழக்கமான தூரத்துக்கு நகர்ந்து அதையே திரும்பச் செய்யுங்கள். குழலுக்கு 4 செ.மீ. அளவு உயரத்தில் ஸ்கோப் இருப்பதால் மிகப் பக்கத்தில் சுட்டால் குண்டு குறிக்குக் கீழேதான் விழும், பதற வேண்டாம்.

ஜீரோ ஆனதும் இன்னொரு சோதனை செய்யச் சொல்வேன். என் முதல் ஸ்கோப்பில் இதைச் செய்திருந்தால் கோளாறு அன்றைக்கே பிடிபட்டிருக்கும். எப்போதும் நடுப்புள்ளியையே குறிபார்த்து மூன்று குண்டு சுடுங்கள். மேலே 20 கிளிக், மூன்று குண்டு. வலதுக்கு 20, மூன்று. கீழே 20, மூன்று. இடதுக்கு 20, மறுபடி மூன்று. காகிதத்தில் ஒரு சதுரம் விழ வேண்டும், கடைசி மூன்றும் முதல் மூன்றின்மேல் வந்து உட்கார வேண்டும். சதுரம் கோணினாலோ கடைசித் துளைகள் வேறிடம் போனாலோ, முதலில் மவுண்ட் திருகுகளைச் சரிபாருங்கள். அவை இறுக்கமாக இருந்தால் ஸ்கோப்பை உத்தரவாதக் காலத்திலேயே திருப்பிக் கொடுங்கள்.

எல்லாம் சரியென்றால் டரட்டின் எண் வளையத்தைத் தளர்த்தி 0-க்குத் திருப்பி முடுக்குங்கள். டரட் கீழ் எல்லையிலிருந்து எத்தனை முழுச் சுற்று மேலே இருக்கிறது என்பதையும், எந்தக் குண்டு, எந்தத் தூரம், என்ன தேதி என்பதையும் ஒரு தாளில் எழுதி துப்பாக்கி உறைக்குள் வையுங்கள். யாராவது விளையாட்டாகத் திருப்பிவிட்டாலும், சர்வீஸுக்குப் போய் வந்தாலும், அந்தத் தாளைப் பார்த்துப் பழைய இடத்துக்குத் திரும்பிவிடலாம்.